சத்து மாத்திரையும் மூலிகைச் சூரணமும் தொடங்கும் முன்: பெரியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் ஒருபுறம், மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கிய மல்டிவைட்டமின் ஒருபுறம், நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெரிய புட்டியும் இன்னொருபுறம் என்று ஒரே வீட்டில் எல்லாம் சேர்ந்துவிடும்போது, எதை எதனோடு சாப்பிடலாம் என்று முழுமையாகச் சொல்ல ஒருவரும் கிடைப்பதில்லை. என் தாயாருக்காக இதை ஒழுங்குபடுத்த முயன்றபோது இதைத்தான் கண்டேன். இதய மருத்துவர் சூரணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சூரணம் கொடுத்தவர் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. கடையில் விசாரித்தால் "இது வெறும் சத்துதானம்மா, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் பார்க்கிறார்கள். வயிற்றுக்குள் போன பிறகு அவை எல்லாம் ஒரே உடம்பில்தான் வேலை செய்கின்றன.

ஆகவே, அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்டவற்றை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரிசையாகப் பின்பற்றும் விதத்தில் இங்கே எழுதுகிறேன். இது பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கானது. குழந்தைகளுக்கு அளவுகளே வேறு. உங்களுடைய மருத்துவர் உங்களுக்கென்று சொன்னது ஏதேனும் இங்கே இருப்பதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னதையே கொள்ளுங்கள்.

1. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. ஒரு முழுத்தாளை எடுத்து, நீங்கள் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரை, தலைவலிக்கு அவ்வப்போது போடும் மாத்திரை, வாரம் ஒருமுறை குடிக்கும் வைட்டமின் டி, காலையில் வெந்நீரில் கலக்கும் சூரணம், இரவில் எடுக்கும் திரிபலா, முடி வளர்வதற்கான மிட்டாய் மாத்திரை, புரதப் பொடி என்று ஒன்றையும் விடக் கூடாது. "அது மருந்தில்லையே" என்று தோன்றுவதைத்தான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் மருத்துவரிடம் சொல்ல மறப்பது அதைத்தான்.

பெயருக்கு எதிரே நான்கு விவரங்கள் போதும்: ஒரு வேளைக்கு எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த நாளிலிருந்து, யார் சொல்லி. இந்த நான்காவது விவரம் பல வீடுகளில் காலியாகவே இருக்கும். மூன்றாண்டுகளுக்கு முன்பு ஒரு மாதத்துக்கென்று எழுதப்பட்ட மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும்.

இந்தத் தாளோடு சேர்த்து ஓர் உறையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நடப்பு மருந்துச் சீட்டுகள், கடைசியாக மருத்துவமனையில் தங்கியிருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, கடந்த ஓராண்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் (சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை), ஒவ்வொரு புட்டியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் புகைப்படம், வாங்கிய ரசீது. புட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போவதைவிடக் கைப்பேசியில் தெளிவான படம் இருப்பது வசதி; ஆனால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் படத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் அட்டையின் மடிப்பிலோ புட்டியின் அடியிலோதான் அச்சிடப்பட்டிருக்கும்.

2. தேவை இருக்கிறதா என்று பாருங்கள்

களைப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மல்டிவைட்டமின் தொடங்காதீர்கள். களைப்புக்குத் தைராய்டு, ரத்த சோகை, சர்க்கரை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எனப் பல காரணங்கள் உண்டு. சத்து மாத்திரை அவற்றைத் தீர்க்காது, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கு மல்டிவைட்டமின் மாரடைப்பையோ புற்றுநோயையோ தடுக்கும் என்று பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்க நோய்த் தடுப்புச் சேவைக் குழு 2022இல் எடுத்த முடிவு.

உண்மையான தேவை உள்ளவர்கள் இருக்கிறார்கள். முட்டையும் பாலும்கூடக் குறைவாக எடுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கு வைட்டமின் டி, மாதவிடாயில் அதிக ரத்தம் இழக்கும் பெண்களுக்கு இரும்பு, கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு ஃபோலிக் அமிலம், உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பல சத்துகள் தேவைப்படும். இவர்களுக்கும்கூடத் தேவைப்படுவது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சத்துகள்தான். இருபத்தைந்து சத்துகள் ஒன்றாகக் கலந்த மாத்திரை அல்ல.

பரிசோதனைக்கான செலவைப் பொறுத்தவரை, முழு ரத்த எண்ணிக்கை சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்; வைட்டமின் டி, பி12 இரண்டும் தனியார் ஆய்வகங்களில் தனித்தனியே ஆயிரம் ரூபாயை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகலாம். "முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்" என்று அழைப்பு வந்தால், அதில் உங்களுக்குத் தேவையான பரிசோதனை இருக்கிறதா என்று பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், பரிசோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே செய்துவிடுவது. பி12 மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்ட பிறகு ரத்தம் கொடுத்தால் அளவு உயர்ந்தே தெரியும். குறை இருந்ததா இல்லையா என்பதை அதன்பின் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல், பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்த சோகை சரியாவதுபோல் தோன்றும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே தொடரும் என்பதாகும்.

3. லேபிளைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

முன்பக்கம் விற்பவருக்கு, பின்பக்கம் உங்களுக்கு. பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேயே தடுக்கக்கூடியவை.

உரிமம்: இந்தியாவில் ஒரே வைட்டமின் இரண்டு வேறு சட்டங்களின்கீழ் விற்கப்படலாம். மருந்தாக விற்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். உணவாக விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், "ஹெல்த் சப்ளிமெண்ட்" அல்லது "நியூட்ராசூட்டிகல்" என்ற சொல்லும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் மாநில அரசு வழங்கிய ஆயுஷ் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத புட்டியை, யார் எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்காதீர்கள். 14 இலக்க எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் உரிம எண் இருப்பதாலேயே அது உங்களுக்குப் பொருந்தும் என்று ஆகாது. தயாரிப்பவர் யார் என்று தெரிகிறது, அவ்வளவே.

ஒரு வேளை அளவு: "சர்விங் சைஸ்" என்ற வரியை முதலில் பாருங்கள். பட்டியலில் உள்ள அளவுகள் இரண்டு மாத்திரைக்கா ஒன்றுக்கா என்பது அங்கேதான் இருக்கும். வெளிநாட்டுப் புட்டிகளில் இரண்டு, மூன்று மாத்திரை சேர்ந்து ஒரு வேளை என்பது சாதாரணம்.

தனிமத்தின் எடை: கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று பெரிதாக எழுதி, அதன் கீழே கால்சியம் 500 மி.கி.க்குச் சமம் என்று சிறிதாக எழுதியிருப்பார்கள். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது அந்த 500. இரும்புக்கும் இப்படியே, "எலிமெண்டல் அயர்ன்" என்று போட்டிருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலகு: வைட்டமின் டி சில புட்டிகளில் மைக்ரோகிராமிலும் சிலவற்றில் ஐ.யு. எனப்படும் சர்வதேச அலகிலும் இருக்கும். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. பெரியவர்கள் மருத்துவர் சொல்லாமல் தாமாக எடுத்துக்கொள்வதற்கு நாளொன்றுக்கு 4,000 ஐ.யு. என்பதே பரவலாக ஏற்கப்பட்ட உச்ச வரம்பு. நம் ஊரில் 60,000 ஐ.யு. உள்ள சாஷேவும் மாத்திரையும் மிகச் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவை வாரத்துக்கு ஒன்று என்று குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுபவை. சீட்டில் உள்ள "வாரம் ஒன்று" என்பதைக் கவனிக்காமல் தினமும் எடுத்தாலும், எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தாலும், ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, கடும் மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். முதியவர்கள் உள்ள வீட்டில் இந்த மாத்திரைக்கு என்று ஒரு கிழமையைக் குறித்து, நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது நல்லது.

இரட்டிப்பு: தாளில் உள்ள எல்லாப் பொருள்களின் பின்பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒரே சத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று கூட்டுங்கள். என் தாயாரின் கால்சியம் மாத்திரையிலும், மல்டிவைட்டமினிலும், எலும்புக்கென்று தனியே வாங்கிய இன்னொன்றிலும் வைட்டமின் டி இருந்தது. அது போக வாரம் ஒரு சாஷே. நான்கு பெயர்கள், நான்கு ரசீதுகள், உள்ளே போனது ஒரே பொருள்.

குறிப்பாகக் கூட்டிப் பார்க்க வேண்டியவை வைட்டமின் ஏ, டி, பி6, இரும்பு. ரெட்டினால் வடிவிலுள்ள வைட்டமின் ஏ நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் கல்லீரலுக்குக் கேடு, கருவுற்றிருப்பவர்களுக்கு அது குழந்தையின் உறுப்பு வளர்ச்சியையே பாதிக்கும். மீன் ஈரல் எண்ணெயும் மல்டிவைட்டமினும் சேர்ந்தால் இந்த வரம்பை நெருங்குவது எளிது. பி6 தண்ணீரில் கரையும் வைட்டமின் என்பதால் மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு வரும். மரத்துப்போகிறது என்று மேலும் நரம்பு மாத்திரை வாங்கினால் அதிலும் பி6 இருக்கும். புகைபிடிப்பவர்கள், உடலில் வைட்டமின் ஏயாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. பின்லாந்தில் 1994இலும் அமெரிக்காவில் 1996இலும் வெளியான பெரிய ஆய்வுகளில் அதை எடுத்த புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது.

4. மூலிகை என்றால் எது, எந்த வடிவில் என்று கேளுங்கள்

"இயற்கையானது, பக்க விளைவு இல்லை" என்ற வாசகத்தைக் கண்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். உடம்பில் விளைவு உண்டாக்கும் எந்தப் பொருளுக்கும் வேண்டாத விளைவு உண்டு. நம் மரபு வைத்தியத்தில் தேர்ந்தவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். அளவு, துணைமருந்து, பத்தியம், எத்தனை நாள் என்று வரம்பு கட்டித்தான் கொடுப்பார்கள். அந்த வரம்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக்கி, "தினமும் இரண்டு" என்று விற்பதுதான் புதிய ஆபத்து.

சமையலில் சேர்க்கும் மஞ்சள் வேறு, அதிலுள்ள குர்குமினைப் பிரித்தெடுத்து மிளகுச் சத்தான பைப்பரினோடு சேர்த்த மாத்திரை வேறு. பைப்பரின் குர்குமினை ரத்தத்தில் பன்மடங்கு ஏற்றுகிறது. இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. மீன் குழம்பில் போடும் கொடம்புளி வேறு, "கார்சினியா" என்ற பெயரில் எடைக் குறைப்புக்கு விற்கப்படும் அதன் சாறு வேறு. இதற்கும் கல்லீரல் பாதிப்பு உண்டு. பச்சைத் தேயிலையைக் கோப்பையில் குடிப்பதற்கும் அதன் சாற்றை மாத்திரையாக விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே: தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் தரும் மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, இப்போது தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் என்று எங்கும் விற்கப்படுகிறது. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் மிகும், அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டென்மார்க் அரசு 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. சீந்தில் கொடியை கோவிட் காலத்தில் தாமாகவே தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில், ஏற்கெனவே கல்லீரல் நோயோ தன் உடலையே தாக்கும் எதிர்ப்பாற்றல் நோயோ உள்ளவர்கள் விலகி இருப்பதே என் கருத்தில் சரி.

முற்றிலும் தவிர்க்க வேண்டிய ஒன்றைத் தனியே சொல்கிறேன். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடிகள். இவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளாத வகையில் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். யாரேனும் பொடியாகக் கொடுத்து விஷக்கடிக்கோ தோலுக்கோ உள்ளுக்குச் சாப்பிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பற்பம், செந்தூரம் ஆகியவை உலோகமும் தாதுவும் கொண்டு செய்யப்படுபவை. முறையாகப் படித்த சித்த மருத்துவர் உங்களை நேரில் பார்த்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில் இவற்றை எடுக்கக் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பெயரில்லாத பொட்டலத்தில் கொடுக்கும் பொடி இரண்டே நாளில் வலியை அடியோடு நிறுத்தினால் மகிழ்ச்சியடையாதீர்கள்; அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்படிச் சில வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சித்த மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டமும் பதிவு எண்ணும் உள்ளவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

5. உங்கள் மாத்திரையோடு மோதுவது எது என்று பாருங்கள்

தாளை எடுத்துக்கொண்டு கீழே உள்ளவற்றில் உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் சாப்பிடுபவர்கள்தான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். மல்டிவைட்டமினில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். பூண்டு மாத்திரை, ஜிங்கோ, குர்குமின், அதிக அளவு வைட்டமின் ஈ ஆகியவை ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு காரணமின்றி ஏறி இறங்கினால் புதிதாகச் சேர்ந்த புட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கும் இந்தக் கசிவு எச்சரிக்கை பொருந்தும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு ஆகியவற்றைத் தினசரி மருந்தாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். குழம்பில் பாகற்காய் சாப்பிடுவதற்கு இந்தத் தடை இல்லை. மூலிகையை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு.

ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. அது பொட்டாசியத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மருந்தும் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பே தடுமாறலாம். இருமல் மருந்துகளிலும் லேகியங்களிலும் அதிமதுரம் கலந்திருக்கும் என்பதால் உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாதாரண மல்டிவைட்டமினே ஆகாமல் போகலாம். வைட்டமின் ஏ, பொட்டாசியம், அதிக அளவு வைட்டமின் சி எல்லாம் அவர்கள் உடம்பில் தேங்கும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும், வலிப்பு மருந்து எடுப்பவர்களும் எந்த மூலிகையையும் தம் சிகிச்சை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் சேர்க்க வேண்டாம்.

6. நேர அட்டவணை போடுங்கள்

சரியான பொருளை வாங்கி, தவறான நேரத்தில் சாப்பிட்டு வீணாக்குவது மிகச் சாதாரணம். நம் வீடுகளில் இதற்கு முதல் காரணம் காலைக் காபி. தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் தண்ணீரில் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். அந்த மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு, இவை கலந்த மல்டிவைட்டமின் ஆகியவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலைப் பலகாரத்தோடு எல்லா மாத்திரையையும் ஒரே கையளவாகப் போடும் பழக்கத்தால், தைராய்டு அளவு கட்டுக்குள் வராமல் மருந்தின் வீரியத்தைக் கூட்டிக்கொண்டே போக நேர்கிறது.

இரும்பைக் காபி, தேநீர், பால், கால்சியம் எதனோடும் சேர்க்காமல், பதினோரு மணிக்கு ஓர் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்கு சேரும். வயிறு தாங்கவில்லையென்றால் சிறிது உணவுக்குப் பின் எடுக்கலாம். கால்சியம் ஒரு நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் எடுத்துப் பயனில்லை. கார்பனேட் வடிவம் சாப்பாட்டோடுதான் நன்கு சேரும், ஆகவே மதிய உணவோடு ஒன்று, இரவு உணவோடு ஒன்று. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது என்பதால், எண்ணெயோ நெய்யோ உள்ள உணவை ஒட்டி எடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், அந்தச் சில நாள்களுக்குக் கால்சியத்தையும் இரும்பையும் நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

7. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

சத்து மாத்திரையில் விலைக்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மருத்துவர் குறிப்பிட்ட ஒரு சத்தைச் சொல்லியிருந்தால் அதை மக்கள் மருந்தகத்திலோ, தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ முதலில் விசாரியுங்கள். அதே உட்பொருள் பிராண்டு விலையைவிடக் கணிசமாகக் குறைவாகக் கிடைக்கும். சித்த மருந்து வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளிலும், சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு இந்திய மருத்துவமனையிலும், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் மருத்துவரே பார்த்து எழுதித் தருவார். காலையில் சீக்கிரம் போங்கள், உறையை எடுத்துச் செல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் (சென்னைவாசிகள் ராசப்ப செட்டி தெருவுக்குப் போவார்கள்) பொடியாக வாங்காமல் முழு வேராகவோ பட்டையாகவோ வாங்கி வீட்டில் பொடிப்பது ஓரளவு பாதுகாப்பு. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் காண முடியாது. பொட்டலத்தின் மேல் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

சர்க்கரையைக் குணமாக்கும், புற்றுநோயை விரட்டும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் செய்பவர் சட்டத்தையே மதிக்காதவர் என்றால், புட்டிக்குள் லேபிளில் சொன்னது இருக்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. "ஆறு மாத கோர்ஸ், முழுப்பணமும் முன்கூட்டியே" என்பவர்களிடமும் விலகியிருங்கள். உறவினர் கொண்டுவரும் அமெரிக்கப் புட்டிக்கும் தனி உயர்வு இல்லை. அங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவை விற்பனைக்கு வரும் முன் அரசு ஒப்புதல் பெற வேண்டியதில்லை.

8. ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள், முடிவு நாளைக் குறியுங்கள்

ஒரே வாரத்தில் மூன்று புதிய பொருள்களைத் தொடங்கினால், அரிப்போ வயிற்றுப்போக்கோ வரும்போது எது காரணம் என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். தொடங்கும் நாளிலேயே, மறுபரிசோதனை எப்போது, எப்போது நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்டுத் தாளில் எழுதுங்கள். மல்டிவைட்டமின் சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், இரும்பால் மலம் கறுக்கும், இவை இயல்பு. கறுத்த மலம் தாரைப்போல் ஒட்டி, நாற்றமெடுத்து, தலைசுற்றலும் இருந்தால் அது இரைப்பையிலோ குடலிலோ ரத்தக் கசிவாக இருக்கலாம்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

9. பரிசோதனைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முன்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் 5 முதல் 10 மி.கி. வரை இருக்கும், உடம்புக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான். இந்த அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் பயோட்டின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் தாளை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருந்து மருத்துவரிடமும் காட்டுங்கள். மூலிகைகளைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பல் பிடுங்குவதற்கும் கண்புரைச் சிகிச்சைக்கும்கூட இதைச் சொல்ல வேண்டும்.

10. தொல்லை வந்தால்

கண் மஞ்சளாதல், சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போதல், உடல் முழுதும் அரிப்பு, பசியே இல்லாமல் குமட்டல், வலது மேல்வயிற்றில் வலி ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். மருத்துவர் எழுதாத எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள். நாக்கோ உதடோ வீங்கினாலும் மூச்சு திணறினாலும் 108ஐ அழையுங்கள்.

மிஞ்சிய மாத்திரையையும் பொடியையும் தூக்கி எறியாதீர்கள். புட்டியோடும் ரசீதோடும் எடுத்துச் செல்லுங்கள், சோதித்துப் பார்க்க அது ஒன்றே சான்று. பக்க விளைவைத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே சொல்லலாம். பொருளின் பெயர், பேட்ச் எண், தொடங்கிய நாள், தொல்லை தொடங்கிய நாள், கூடவே எடுத்த மற்ற மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். உணவாக விற்கப்பட்ட பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும், பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதியலாம். ஆயுஷ் மருந்தின் பொய் விளம்பரத்துக்கு ஆயுஷ் சுரக்ஷா தளம் உள்ளது. புகார் எண் கிடைத்ததும் அதையும் அதே தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.